குமுதாவின் வலது கணுக்கால்

"என் கால்ல இன்னா கொற கண்டுட்ட?"

இப்படித்தான் ஆரம்பித்தாள் குமுதா. வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது.

கேட்டது கோச்சை.

கோச்சின் பெயர் ஜாய்ஸ். குமுதாவைவிடச் சின்னவள். குமுதா ஆட ஆரம்பித்த காலத்தில், வெளியே போகிற பந்தை ஓடிப்போய்ப் பொறுக்கிப் போட்டவள். பிறகு எங்கெங்கோ போய்ப் படித்தாள், கோச்சுக்கான லைசென்ஸ் வாங்கினாள். போன மழை முடிந்ததும் கழுத்தில் விசிலோடு அதே கூட்ஸ் ஷெட் மைதானத்துக்கு வந்து நின்றாள்.

பந்து பொறுக்கினவளிடம் போய்ப் பாடம் கேட்பதென்றால் யாருக்குத்தான் கசக்காது. அதனால் அந்தப் பெண்கள் கால்பந்து அணியில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே ஜாய்ஸ் 'கோச்'. வாங்க, போங்க என்றுதான் பேச வேண்டும். கோட்டுக்கு வெளியே வந்துவிட்டால் 'அடியே'.

ஜாய்ஸும் அப்படித்தான். உள்ளே 'குமுதா' என்பாள். வெளியே 'அக்கா'.

குமுதாவுக்குச் சண்டை போட வேண்டுமென்றால் முதலில் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிடுவாள். இன்றைக்கும் அங்கேதான் நின்றாள்.

"கொறைன்னு நான் சொல்லவே இல்லியேக்கா" என்றாள் ஜாய்ஸ்.

"அப்ப டிரயலுக்கு ஏன்டி எம் பேரச் சொல்லாம கீற?"

அதுதான் விஷயம். ஒரு டிபார்ட்மெண்ட் டீமுக்குப் பெண்கள் எடுக்கிறார்கள். எடுபட்டால் அரசாங்க வேலை. ஒரு அணியிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் அனுப்பலாம்.

குமுதாவுக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு தீர்கிறது. இதை விட்டால் துணிக்கடைதான். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நின்றபடி சுடிதார் எடுத்துக் காட்டுகிற வேலை. அந்தக் காலோடு.

"கால் பொரளுதுக்கா."

"யாருக்குத்தான் பொரளல."

"உனக்கு நெறைய தபா பொரளுது."

நிறையத் தடவைதான். முதல் தடவை ஒரு ஃபைனலில். தலையால் முட்ட எகிறியவள், இறங்கும்போது எவளோ ஒருத்தியின் பூட்ஸ்மேல் இறங்கினாள். வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. கணுக்கால் பன்னு மாதிரி வீங்கியது. எண்ணெய்க் கட்டுப் போட்டார்கள். வீக்கம் வற்றியதும் மைதானத்துக்கு வந்துவிட்டாள். வற்றினால் சரியாகிவிட்டது என்றுதானே எல்லாரும் நினைக்கிறோம்.

அப்புறம் அதுவே பழகிவிட்டது. பஸ் படியில் பிரளும். மார்க்கெட்டில் கீரைக்காரம்மா முன்னால் பிரளும். கல் இல்லை, குழி இல்லை, சும்மா கிடக்கிற சமதரையில் பிரளும். 'ஒண்ணுமில்ல' என்று எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு நடப்பாள்.

"தெருவுல பொரளும். ஒத்துக்கறேன்" என்றாள் குமுதா. "கிரவுண்ட்ல? ரெண்டு சீசனா பாரு. டேப்பு சுத்திக்கினு எறங்கினேன்னா கல்லு மாதிரி நிக்கிறேன். நான் வுழுந்து எவனாவது பாத்துக்கீறானா? கேட்டுப் பாரு."

அதுவும் உண்மைதான். ஒருவரும் பார்த்ததில்லை.

ஜாய்ஸ் கொஞ்ச நேரம் அவள் காலையே பார்த்தாள்.

"செருப்பைக் கழட்டுக்கா. வலது கால்ல மட்டும் நில்லு."

குமுதா நின்றாள். நின்றுகொண்டே, எப்படி என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினாள்.

"கண்ண மூடு."

மூடினாள். மூடின கையோடு சாய்ந்தாள். ஜாய்ஸ் பிடிக்கவில்லை. குமுதாவே அடுத்த காலை ஊன்றிக்கொண்டாள்.

"கண்ண மூடிக்கினு எவடி ஆடுவா?"

"மேட்ச்ல கண்ணு எங்கக்கா இருக்கும்?"

"பால் மேல."

"காலப் பாப்பியா?"

குமுதா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"மூணு மாசம்" என்றாள் ஜாய்ஸ். "தெனம் காலைல நில்லு. ஒத்தக் கால், கண்ண மூடிக்க. அது பழகினா தலகாணிமேல நில்லு. எங்க நிக்கிறோம்னு காலுக்கு மறந்துபோயிருக்கு. திரும்பக் கத்துக்கும்."

"டிரயலு வர்ற ஞாயித்துக்கெழம."

"தெரியும்."

"தெரிஞ்சே இப்படிப் பேசுறியே, நீயெல்லாம் நல்லா இருப்பியாடி."

ஜாய்ஸுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் குமுதாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நாளைக்குப் பிராக்டிஸ் மேட்ச். ஆடு. அப்புறம் பேசலாம்."

&nbsp;

மறுநாள் சாயங்காலம் குமுதா முதல் ஆளாக வந்தாள். முகத்தில் ஒரு வெற்றி.

"வூட்ல நின்னு பாத்தேன். ஒத்தக் காலு. கண்ண இறுக்கி மூடிக்கினேன். வுழல."

"எப்படிக்கா?"

"செவுத்துல ஒரே ஒரு வெரல் வெச்சிக்கினேன். ஒரு வெரல்தான். அதுக்கே கல்லு மாதிரி நிக்குது."

"நல்லது" என்றாள் ஜாய்ஸ். "இன்னிக்கு செவுரு இல்ல."

"இங்க ஏதுடி செவுரு?"

ஜாய்ஸ் பந்துகளுக்குக் காற்றடிக்கப் போனாள். போகிற போக்கில் சொன்னாள்.

"நிரோஷா இன்னிக்கு வரமாட்டா. நான்தான் வராதன்னு சொன்னேன்."

"வராட்டி இன்னா. நிரோஷாவா கோலு போடப் போறா."

&nbsp;

நிரோஷா யார் என்று சொல்லிவிடுகிறேன்.

குமுதா நடுவில், வலப்பக்கமாக ஆடுகிறவள். அவளுக்கு நேர் பின்னால் ஆடுகிறவள் நிரோஷா. ரைட் பேக், அதாவது வலப்பக்கத்துத் தடுப்பாட்டக்காரி. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயது. அந்த வயது வரம்பும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

ஆனால் டிரயல் என்றதும் நிரோஷா பெயர் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நிரோஷாவுக்கே வரவில்லை.

நடுக்கோட்டைத் தாண்டி எதிராளி பக்கம் பந்தோடு போவதை மேலே ஏறுவது என்பார்கள். நிரோஷாவைப் பற்றி அணியில் எல்லாரும் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "நல்ல பொண்ணு. ஆனா மேல ஏறவே மாட்டா."

பள்ளிக்கூட நாளில் அப்படி இல்லை. அவள் ஓட ஆரம்பித்தால் பின்னால் வருகிறவர்கள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள், வீணாக எதற்கு என்று. அப்புறம் என்ன ஆயிற்றோ, ஏறுவது நின்றுபோனது. பயந்தாங்கொள்ளி என்றார் ஒரு பழைய கோச். சோம்பேறி என்றார் அவருக்கு அடுத்து வந்தவர். நிரோஷா இரண்டு பேரிடமும் சிரித்துவைத்தாள்.

பகலில் காசிமேட்டில் ஒரு ஐஸ் டெப்போவில் வேலை. சாயங்காலம் குளிர்ந்த கையோடு மைதானத்துக்கு வருவாள்.

&nbsp;

குமுதா காலைச் சுற்றி டேப் ஒட்டினாள். அதன்மேல் கணுக்கால் உறை மாட்டினாள். பூட்ஸ் கயிற்றை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றி இறுக்கினாள். எழுந்து இரண்டு தடவை தரையை உதைத்தாள். கோட்டுக்குள் போனாள்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஆடினாள்.

பிறகு ஒரு பாஸ் வலது காலுக்கு வந்தது. வாங்கித் திரும்பினாள். உடம்பு திரும்பியது. பாதம் திரும்பவில்லை. விழுந்தாள்.

"புல்லு வழுக்கிடிச்சு" என்றாள்.

அந்த மைதானத்தில் புல்லே கிடையாது.

அடுத்த பாஸும் வலது பக்கமே வந்தது. இந்தத் தடவை காலுக்குப் பயந்து பந்தைத் தயங்கி எடுத்தாள். எதிராளி பிடுங்கிக்கொண்டு ஓடினாள். குமுதா விட்ட இடத்தின் வழியாகவே ஓடினாள். நேராகப் போய் கோல் போட்டாள்.

குமுதா திரும்பிப் பார்த்தாள். பின்னால் வெறும் தரை.

"பேக்கு எங்கடி போனா?"

பேக் எங்கேயும் போகவில்லை. நிரோஷாவுக்குப் பதில் ஆடிய பெண் தன் இடத்தில்தான் நின்றிருந்தாள். பேக் நிற்க வேண்டிய இடத்தில்.

மூன்றாவது தடவை விழுந்தபோது குமுதாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பாஸ் கொடுத்த ஹம்சாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி வலது கால்லயே கொண்டாந்து கொட்டுற? வேணும்னே பண்றியா?"

ஹம்சாவுக்கு முகம் சுருங்கிப்போனது. "இல்லக்கா. நிரோஷாக்கா கத்துவாங்க. இன்னிக்குக் கத்த ஆளில்லல்ல, மறந்துட்டேன்."

"இன்னான்னு கத்துவா?"

"லெஃப்டு, லெஃப்டுன்னு. உங்களுக்கு பால் குடுக்குறப்பல்லாம்."

குமுதாவும் அதைக் கேட்டிருக்கிறாள். இரண்டு சீசனாகக் கேட்டிருக்கிறாள். பேக்குகள் என்னத்தையாவது கத்திக்கொண்டுதான் இருப்பார்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி போகிற சத்தம் மாதிரி அது பாட்டுக்கு அது.

கோல்கீப்பர் பெண் அருகில் வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். கோலில் நிற்பவளுக்கு எல்லாருடைய முதுகும் தெரியும்.

"நீங்க சாயறப்பவே அவங்க கெளம்பிடுவாங்கக்கா. நீங்க கீழ வுழறதுக்குள்ள பால எடுத்து அந்தப் பக்கம் அடிச்சிடுவாங்க. எல்லாம் பாலத்தான் பாப்பாங்க. உங்கள யாரு பாப்பா."

குமுதா தரையில் உட்கார்ந்தே இருந்தாள்.

ஜாய்ஸ் வந்து பக்கத்தில் நின்றாள். குமுதா எழுந்து கோட்டுக்கு வெளியே போகவில்லை. இருந்த இடத்திலேயே கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா கோச்?"

"வந்த மொத வாரமே தெரியும்."

"சொல்லிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பியா குமுதா?"

அவள் நம்பியிருக்க மாட்டாள். பொறாமை என்றுதான் சொல்லியிருப்பாள்.

&nbsp;

ராத்திரி குமுதா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது நிரோஷா வந்தாள். பிளாஸ்டிக் கவரில் ஐஸ்.

"யாரு சொன்னா உனுக்கு?"

"ஹம்சா போன் பண்ணா."

நிரோஷா ஐஸைத் துண்டில் சுற்றினாள். காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்கவில்லை. அந்த இடத்திலேயே வைத்தாள்.

"ரெண்டு சீசனா என் பின்னாடியே நின்னியாமே."

"பேக்குன்னா பின்னாடிதான் நிப்பாங்க."

"வெளாடாதடி."

நிரோஷா துண்டை மாற்றிப் பிடித்தாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஆட மாட்ட."

"ஆடலன்னா போறேன். அதுக்கு?"

"ஆடலன்னா நீ நீயா இருக்க மாட்டடி. நான் பாத்துக்கீறேனே, மொத தபா வூட்ல படுத்திருந்தியே, அப்ப."

குமுதா சுவரைப் பார்த்தாள்.

"உனக்கு மேல ஏறணும்னு தோணவே இல்லியாடி?"

நிரோஷா பொய் சொல்லலாமா என்று பார்த்திருப்பாள். அவளுக்குப் பொய் வராது.

"மொதல்ல தோணும். காலு தானா கெளம்பிடும். இழுத்துப் புடிப்பேன்."

"அப்பால?"

"அப்பால கெளம்பறதில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பழைய கோச்சுகளிடம் சிரித்த அதே சிரிப்பு.

குமுதா அழுதாள். வலி என்று சொன்னாள். வலியெல்லாம் இல்லை, வெட்கம். கோழை என்று இவளை ஊரே சொன்னபோது, தானும் கூடச் சேர்ந்து சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. நல்ல பொண்ணு, ஆனா மேல ஏற மாட்டா. இதை அதிகம் சொன்னதே அவள்தான்.

"ஐஸ் ரொம்ப சில்லுன்னு கீதா?" என்று கேட்டாள் நிரோஷா.

&nbsp;

"நிரோஷா பேரச் சொல்லு" என்றாள் குமுதா.

காலையில் ஜாய்ஸ் வீட்டு வாசலுக்கே போய்விட்டாள். ஜாய்ஸ் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"யோசிச்சியாக்கா?"

"யோசிக்க இன்னா கீது."

"உனக்கு இது கடைசி வருசம்."

"அவளுக்கும்தான். நான் கெடுத்தது. நான்தான குடுக்கணும்."

ஜாய்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குமுதா காத்திருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, பெரிய விஷயம்தான் செய்திருக்கிறாள். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தாள்.

"பெரிய மனசுன்னு ஒரு வார்த்த சொல்லேன்டி. வாய் வலிக்குமா?"

"ஞாயித்துக்கெழம நீயும் வாக்கா" என்றாள் ஜாய்ஸ். "வந்து பாரு."

"வராம எங்க போறேன்."

நிரோஷா முதலில் மாட்டேன் என்றாள். எனக்கு எதுக்கு, எனக்கு ஐஸ் டெப்போ போதும், உன் பேரையே சொல்லச் சொல்லு என்றாள். குமுதா விடவில்லை. திட்டினாள், கெஞ்சினாள், இனி முகத்தில் முழிக்க மாட்டேன் என்றாள்.

"உன் முன்னாடி ஆடுறவளுக்குக் காலு நல்லா இருக்கும்டி. உனக்கு ஒரு வேலயும் இல்ல. நீ ஏறு. ஒரே ஒரு தபா ஏறிக் காட்டு. போதும்."

"ஒரு தபா போதுமா?"

"நீ ஓடறத ஒரு தபா பாத்தா போதும்டி. எடுத்துக்குவாங்க."

நிரோஷா யோசித்தாள். மெதுவாக அவள் முகம் மாறியது. அவளுக்கும் ஆசை என்று ஒன்று இருந்திருக்கிறது, பாவம். அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போய்ப் பூட்ஸுக்குப் புதுக் கயிறு வாங்கிவந்தாள். ஆரஞ்சுக் கலர்.

குமுதாவுக்கு மனசு லேசாகிவிட்டது. வேலை போனது போனதுதான், ஆனால் ராத்திரி நன்றாகத் தூங்கினாள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று, இனி அவள் பாடு. இப்படித்தான் நாமெல்லாரும் நிம்மதியாகிக்கொள்கிறோம்.

&nbsp;

டிரயல் நடந்த மைதானத்தில் நிஜமாகவே புல் இருந்தது. வந்த பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மஞ்சள் சட்டை, பாதிப் பேருக்குப் பச்சை கொடுத்தார்கள். நிரோஷாவுக்கு மஞ்சள்.

குடைக்குக் கீழே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தொப்பி போட்ட ஒருவர். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. அவர்கள்தான் எடுக்கிறவர்கள்.

குமுதாவும் ஜாய்ஸும் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள்.

நிரோஷாவுக்கு முன்னால் ஆடியவள் வேறு ஊர்க்காரி. நல்ல உயரம். கால் இரண்டும் தூண். வலப்பக்கம் திரும்பினாள், இடப்பக்கம் திரும்பினாள், ஒன்றும் ஆகவில்லை.

அவள் முதல் தடவை வலப்பக்கம் திரும்பியபோதே நிரோஷா ஓடிப்போய் அவள் பின்னால் நின்றாள்.

"ஏங்க, எதுக்கு என் முதுகுலயே ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"சாரிங்க" என்று நிரோஷா விலகினாள்.

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அங்கேதான் நின்றாள்.

ஒரு பாஸ் வந்தது. "லெஃப்டு" என்று கத்தினாள் நிரோஷா. பந்து இடது காலுக்குப் போயிற்று. அந்தப் பெண்ணுக்கு வலது கால்தான் வாகு. தடுமாறி விட்டுவிட்டாள். திரும்பி முறைத்தாள்.

"யாருங்க உங்களக் கத்தச் சொன்னது?"

வலப்பக்கம் கோல் வரைக்கும் காலியாகக் கிடந்தது. குருடனுக்குக்கூடத் தெரியும். நிரோஷா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. முன்னால் நிற்பவளின் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏறுடி" என்றாள் குமுதா, வாய்க்குள்.

பிறகு சத்தமாகவே சொன்னாள். "ஏறுடி நிரோஷா."

அந்த நேரம் பார்த்து எதிராளி அடித்த பந்து நிரோஷா காலில் வந்து விழுந்தது.

நிரோஷா ஓடினாள்.

குமுதாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. அதே ஓட்டம். பள்ளிக்கூட ஓட்டம். பந்து காலை விட்டு விலகவே இல்லை. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தி வந்தாள், நிரோஷா போன பிறகு வந்தாள். நடுக்கோடு வந்தது. நிரோஷா அதைத் தாண்டினாள்.

கறுப்புக் கண்ணாடி அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"யாருப்பா அது, இத்தன நாளா எங்க இருந்தா?" என்றார் தொப்பிக்காரர். கயிறு வரைக்கும் கேட்டது.

குமுதா ஜாய்ஸின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எங்கே இருந்தாள் என்று அவளுக்குத்தானே தெரியும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு வருஷக்கணக்காகிறது.

நிரோஷாவுக்கு முன்னால் இப்போது கோல்கீப்பர் மட்டும்தான்.

"திரும்பாத" என்று முணுமுணுத்தாள் ஜாய்ஸ். "திரும்பாத, திரும்பாத."

எதற்குச் சொல்கிறாள் என்று குமுதாவுக்குப் புரியவில்லை.

நிரோஷா நின்றாள்.

பந்தின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

பின்னால் ஒன்றும் நடக்கவில்லை. அந்த உயரமான பெண் இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டு, 'போ, போ' என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நிரோஷா மறுபடி முன்னால் திரும்புவதற்குள் காலுக்கடியில் பந்து இல்லை. பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

கறுப்புக் கண்ணாடி அம்மா உட்கார்ந்தாள். தொப்பிக்காரர் என்னவோ சொன்னார். அந்த அம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

கொஞ்ச நேரம் பொறுத்து நிரோஷாவை வெளியே கூப்பிட்டார்கள். அவள் மஞ்சள் சட்டையைக் கழற்றி அடுத்தவளிடம் கொடுத்தாள். தட்டிவிட்டு, மடித்துக் கொடுத்தாள்.

&nbsp;

நிரோஷா கயிற்றுக்கு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தாள். பூட்ஸைக் கழற்றவில்லை. ஜாய்ஸ் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள்.

குமுதா நொண்டிக்கொண்டே வந்தாள். திட்டத்தான் வந்தாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் வந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வழி தொறந்து கெடந்துச்சேடி."

"ம்."

"கோல்கீப்பர வுட்டா ஒருத்தியும் இல்லியேடி முன்னாடி."

"ம்."

"பின்னாடி வந்தவ சத்தம் கேட்டு பயந்துட்டியா?"

"இல்ல."

"மூச்சு வாங்கிடிச்சா?"

"அதெல்லாம் இல்ல. இன்னும் ஓடிருப்பேன்."

"அப்பறம் ஏன்டி நின்ன? இன்னாத்தடி திரும்பிப் பாத்த?"

நிரோஷா யோசித்தாள். அவளுக்கே அது தெரிந்திருக்கவில்லை. புல்லை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு, நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். பிறகு குமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நீ உள்ள இல்லன்னு மறந்துட்டேன்டி."